ஆஞ்சியோ டாக்டருக்கு அரைப் பத்தி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ எழுதும் பிள்ளைகளுக்காகத் தங்கள் நாளிதழ் இலவச இணைப்பு ஒன்று வெளியிட்டிருந்தது. எந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று ஒவ்வொன்றாகப் போட்டிருந்தீர்கள். அதில் இதய டாக்டருக்கு அரைப் பத்தி. இதய அடைப்பை நீக்கும் அறுவை சிகிச்சை செய்வார்கள், மாதம் பல லட்சம் வருமானம், சமூகத்தில் மதிப்பு உண்டு. அவ்வளவுதான். பக்கத்தில் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்கிற படம்.

படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்திருப்பேன். ஆனால் குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கையின் பேத்தி அந்த அரைப் பத்தியைக் கத்தரித்துப் பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். போன வாரம் போயிருந்தபோது, "பெரியாயா, நான் ஆஞ்சியோ டாக்டராவப் போறேன்" என்று காட்டினாள். வேலூரில் ஒரு மருத்துவமனையின் கேத் லேப்பில், அதாவது இதயத்துக்குக் குழாய் விட்டுப் பார்க்கிற எக்ஸ்ரே அறையில், 29 வருஷம் டியூட்டி பார்த்தவள் நான். 1993ல் உள்ளே போனேன், 2022ல் ஓய்வு பெற்றேன். அந்தப் பெண்ணிடம் பேச உட்கார்ந்தது இரண்டு சாயங்காலம் ஓடியது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படம். பைபாஸ் செய்பவர் சர்ஜன். அவர் படிப்பு வேறு, தியேட்டர் வேறு. ஆஞ்சியோ டாக்டர் குழாய் விட்டே இதய அடைப்பை நீக்குபவர், நெஞ்சைத் திறப்பதே இல்லை. மணிக்கட்டில் ஒரு ஊசி. அது வழியாக இடியாப்ப இழை கனத்தில் ஒரு குழாய். அதற்குள் தையல் நூல் கனத்தில் ஒரு வயர். கண் திரையில் இருக்கும், விரல் வயரில் இருக்கும். நோயாளிக்கு முழு நினைவு உண்டு. "இன்னா சிஸ்டர், இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று கேட்பார்கள். அதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

அடுத்து, வருஷக் கணக்கு. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம். பிறகு நீட் எழுதி எம்.டி. பொது மருத்துவம் மூன்று வருஷம். மறுபடி ஒரு நீட் எழுதி டி.எம். இதயவியல் மூன்று வருஷம். நடுவில் ஒரு பரீட்சைகூடத் தவறாமல் ஓடினாலே முப்பது வயதைத் தொட்டுவிடும். அப்படி ஓடியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. அதற்கு மேலும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் பெரிய கை ஒருவரின் பக்கத்தில் நின்று வயர் பிடிக்கப் பழக வேண்டும். எங்கள் லேப்புக்குப் புதிதாக வரும் டாக்டர்கள் நெற்றியில் முடி குறைந்துதான் வருவார்கள். நாங்கள் நர்ஸுகள் எங்களுக்குள் அதைச் சொல்லிச் சிரித்ததுண்டு.

மாத வருமானத்தை எழுதினீர்கள். அவர் சுமக்கிற ஈயத்தின் எடையை எழுதவில்லை. கேத் லேப்பில் எக்ஸ்ரே ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் உள்ளே நிற்கும் எல்லோருக்கும் ஈய ஏப்ரன், கழுத்துக்கு ஒரு ஈயப் பட்டை. ஆறேழு கிலோ வரும். வேலூர் வெயிலில் ஏசி ஒருநாள் மக்கர் பண்ணினால் உள்ளே சட்டை பிழிந்தெடுக்கலாம். நோயாளியின் வலது பக்கம் நின்று செய்வதால் டாக்டரின் இடது பக்கம்தான் எக்ஸ்ரே குழாயைப் பார்த்து இருக்கும். இடது கண்ணில் புரை சீக்கிரம் விழுகிறதா, தலையின் இடது பக்கத்துக்குக் கெடுதலா என்றெல்லாம் அவர்களே தங்களை வைத்து ஆராய்ச்சி செய்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் சாருக்கு (அவர் பேரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், சார் என்றே வைத்துக்கொள்கிறேன்) நாற்பத்தைந்து வயதில் முதுகுத் தண்டில் டிஸ்க் விலகியது. ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். யாரும் அப்போது பேச்சுக் கொடுக்க மாட்டோம். நானும் இரண்டு பிள்ளை பெற்றவள். கர்ப்பமாக இருந்த மாதங்களில் என்னை வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு பெண் டாக்டர் இந்த மேசைக்கு வரத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். என் 29 வருஷத்தில் மேசையில் நின்று வயர் பிடித்த பெண் டாக்டர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இத்தனைக்கும் வேலூர் சி.எம்.சி.யில் இதயவியல் துறையைத் தொடங்கி வைத்ததே டாக்டர் கமலா வைத்திலிங்கம் என்ற பெண்மணி. இதைச் சொன்னபோதுதான் எங்கள் வீட்டுப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இந்த வேலை எங்கிருந்து வந்தது என்றும் நாலு வரி எழுதியிருக்கலாம் நீங்கள். 1929ல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊர் ஆஸ்பத்திரி. வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர். கையின் ரத்தக்குழாய் வழியாக இதயம் வரை குழாயை விடலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம். மேலே இருந்தவர் கூடாது என்றுவிட்டார். கருவிகள் இருந்த அலமாரியின் சாவி ஜெர்டா டிட்ஸன் என்ற நர்ஸிடம் இருந்தது. அந்த அம்மாள், 'என் மேலேயே செய்து பாருங்கள்' என்று மேசையில் படுத்துவிட்டார். ஃபோர்ஸ்மன் அந்த அம்மாளின் கைகாலைக் கட்டிப்போட்டு, அவருக்குச் செய்வதுபோல் பாவலா காட்டி, தன் இடது கையைக் கீறிக் குழாயை விட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் உள்ளே போனது. பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு, குழாய் தொங்கத் தொங்கப் படியிறங்கிப் போய், எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இதயம் வரை தள்ளிப் படம் எடுத்தார்கள். 1956ல் ஃபோர்ஸ்மனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு. டிட்ஸன் அம்மாளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் கிடையாது. நர்ஸ் என்பதால் எனக்கு இது கொஞ்சம் உறுத்தும், விடுங்கள்.

இதய ரத்தக்குழாய் அடைப்பை முதன்முதலாகக் குழாய் நுனியில் பலூன் வைத்து விரித்தது 1977 செப்டம்பர் 16. சுவிட்சர்லாந்தில் ஜூரிச். ஆன்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற டாக்டர் வீட்டுச் சமையலறை மேசையில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒட்டிச் செய்த பலூன் அது. டாக்டருக்கும் வயது 38, படுத்திருந்தவருக்கும் 38. பத்து வருஷம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோதும் அந்த ரத்தக்குழாய் திறந்தே இருந்தது. ஆனால் அதைப் பார்க்க டாக்டர் இல்லை. 1985ல் தானே ஓட்டிப்போன சிறு விமானம் விழுந்து இறந்துவிட்டார், 46 வயதில். அவரிடம் அமெரிக்காவில் இந்த வேலையைக் கற்று வந்தவர் டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல். நம் நாட்டில் இந்த சிகிச்சையை 1980களின் நடுவில் ஆரம்பித்து வைத்தவர். சென்னையில்தான் இருந்தார், 2025 ஏப்ரலில் காலமானார். எங்கள் சாரின் தலைமுறைக்கு அவர் ஒரு வாத்தியார் மாதிரி.

இனி ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆஞ்சியோ டாக்டரின் ஆராய்ச்சி அவர் எதனால் தினமும் எரிச்சல்படுகிறாரோ அங்கேதான் ஆரம்பிக்கும். நான் சேர்ந்த புதிதில் வெறும் பலூன்தான். விரித்துவிட்டு அனுப்புவோம். ஆறு மாதத்தில் அதே முகம் அதே வலியோடு திரும்ப வரும். "மறுபடியும் வந்துட்டேன் சிஸ்டர்" என்று ஏதோ அவர் மேல் தப்பு மாதிரி சொல்வார்கள். விரித்த இடம் மறுபடி சுருங்கும். அதற்காக வலைக்கம்பிபோல ஸ்டென்ட் வந்தது. ஸ்டென்டுக்குள்ளும் சதை வளர்ந்தது. அதைத் தடுக்க மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. இப்போது வைத்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. விலை மட்டும் தெரியும். லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன்னால் வேலூர் லாங் பஜார் அடகுக் கடை ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட வந்த மகன்களைப் பார்த்திருக்கிறேன்.

தொடை வழியாகச் செய்த காலம் ஒன்று. எனக்கு மறக்காது. குழாயை எடுத்ததும் இடுப்புப் பக்கம் ரத்தக்குழாயை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இருபது நிமிஷம், சில பேருக்கு அதற்கு மேலும். நடுவில் கையை எடுக்கக் கூடாது. பிறகு மணல் மூட்டை வைத்து ராத்திரி முழுக்க மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். வயசான ஆம்பளைகள் மூத்திரம் போக முடியாமல் தவிப்பதும், சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு என்னையே பார்ப்பதும். 1989ல் கனடாவில் ஒருவர் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு இதய ரத்தக்குழாயைப் படம் எடுத்துக் காட்டினார். 1992ல் ஆம்ஸ்டர்டாமில் ஒருவர் அதே வழியில் பலூனே செய்தார். எங்களிடம் அது வந்து சேரப் பல வருஷம் ஆயிற்று. முதலில் நேரம் பிடித்தது. அந்த நாடி சுருங்கிக்கொண்டு குழாயைக் கவ்விக்கொள்ளும். சார் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். இப்போது கை வழியாகச் செய்தவர் மேசையைவிட்டு இறங்கி உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். என் விரல்களுக்கு அந்த ஆம்ஸ்டர்டாம் டாக்டர் செய்த உபகாரத்தை நான் யாருக்குச் சொல்வது?

இனிச் சொல்லப்போவது நீளம்தான், அதைச் சுருக்க மாட்டேன்.

எங்கள் சாரிடம் ஒரு நோட்டு இருந்தது. நீளவாக்கில் பைண்ட் பண்ணிய கணக்கு நோட்டு. ஹார்ட் அட்டாக்கோடு வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வலி எப்போது ஆரம்பித்தது, முதலில் எங்கே போனார், ஈசிஜி எப்போது எடுத்தார்கள், எங்கள் கதவுக்குள் எப்போது வந்தார், வயர் அடைப்பை எப்போது தாண்டியது. எழுத வேண்டியது நாங்கள். நான் ஒருதரம் 'சுமார் 2 மணி' என்று எழுதிவிட்டேன். "சுமார்னு எழுதாதீங்க சிஸ்டர், சுமாருக்குள்ள ஒரு ஆள் செத்துப்பூடுவான்" என்றார். ரொம்ப கோபம் வந்தால்தான் ஊர்ப் பேச்சு வரும் அவருக்கு.

அந்த நோட்டில் ஒரு வரி எனக்கு மனப்பாடம். குடியாத்தத்தில் கைலி நெய்கிறவர், 41 வயது. சாயங்காலம் 7.10க்கு நெஞ்சில் பாரம். வாயு என்று நினைத்து 7.30க்குச் சோடா. அடங்கவில்லை. மனைவி ஓமத்தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தார். 8.15க்குப் பக்கத்தில் ஒரு கிளினிக். அங்கே ஈசிஜி எடுக்கவில்லை. வாயு ஊசி ஒன்று போட்டு, கொஞ்ச நேரம் படுங்கள் என்று பெஞ்சில் படுக்க வைத்துவிட்டார்கள். அங்கேயே இரண்டு மணி நேரம் போயிற்று. 10.40க்கு வாந்தி, சட்டை நனைய வியர்வை. யாரோ காரைப் பிடித்து 11.30க்குக் கிளப்பினார்கள். 12.35க்கு எங்கள் கதவு. நான் அன்று நைட் டியூட்டி. சார் காந்தி நகரிலிருந்து வந்து சேருவதற்குள் கையைச் சுத்தம் பண்ணி டிராலி தயாராக வைத்திருந்தேன். படத்தில் இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய் மரக்கிளையை ஒடித்த மாதிரி பாதியில் நின்றிருந்தது. 1.22க்கு வயர் தாண்டியது. பலூனை விரித்து இறக்கியதும், படத்தில் தெரிவதற்காக விடுகிற மருந்து கறுப்பாகக் குபுகுபுவென்று கீழே நுனி வரை ஓடியது. மானிட்டரில் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டிருந்த கோடு மெல்ல மெல்லப் படிந்தது. அதுவரை என் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டிருந்தவர் பிடியை விட்டார்.

"நெஞ்சு மேல ஏறி உக்காந்துகினு இருந்தவன் எறங்கிட்டான் சிஸ்டர்."

கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் கதவுக்கு உள்ளே 47 நிமிஷம். கதவு திறந்து தொண்ணூறு நிமிஷத்துக்குள் பலூன் என்பது விதி. நாங்கள் கிட்டத்தட்ட அதில் பாதியில் முடித்துவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சார் நோட்டில் இன்னொரு விரலை வைத்தார். கதவுக்கு வெளியே 5 மணி 25 நிமிஷம். அந்த ஆள் பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பக்கம் போனது போனதுதான். பாவு போட நிற்க முடியவில்லை என்று பிறகு தறியை விற்றுவிட்டார். எத்தனை வரி படித்தாலும் இதே மாதிரிதான் இருந்தது. நேரம் செத்தது எங்களிடம் இல்லை. சோடாவிலும், வாயு ஊசியிலும், 'காலைல பாத்துக்கலாம்' என்பதிலும்.

இப்படி நோட்டு வைத்திருந்தவர் எங்கள் சார் ஒருவர் மட்டும் இல்லை. கோவை, சென்னை, வேலூர் டாக்டர்கள் சேர்ந்து தமிழ்நாட்டு மாரடைப்புத் திட்டம் என்று ஒன்றை நடத்தினார்கள். பெரிய மருத்துவமனை நான்கு, அதைச் சுற்றிச் சின்ன மருத்துவமனைகள். சின்ன இடத்திலேயே ஈசிஜி எடுத்து உடனே பெரிய இடத்துக்கு அனுப்புவது. தூரமாக இருந்தால் ரத்தக்கட்டி கரைக்கிற ஊசியை அங்கேயே போட்டுவிட்டு, ஒரு நாளுக்குள் ஆஞ்சியோவுக்குக் கொண்டுவருவது. 108 வண்டியும் அரசுக் காப்பீடும் இருந்ததால்தான் இது நடந்தது. 2,420 நோயாளிகளின் கணக்கு 2017ல் வெளியாயிற்று. திட்டத்துக்கு முன் ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 பேர், திட்டத்துக்குப் பின் 14.2 பேர். புதுப் பலூன் எதுவும் கண்டுபிடிக்கவில்லை, புது மருந்தும் இல்லை. போன் எடுக்க ஒரு ஆள், ஈசிஜி அனுப்ப ஒரு பெட்டி, வண்டி. இதுவும் ஆஞ்சியோ டாக்டரின் ஆராய்ச்சிதான். வெளிநாட்டுக்காரன் புத்தகத்தில் பேர்ணாம்பட்டு ரோடு எத்தனை மணிக்கு அடைபடும் என்று இருக்காது. 2023லிருந்து நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'இதயம் காப்போம்' என்று ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொழுப்பைக் குறைக்க அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் வேளையாக அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. வந்ததே, சந்தோஷம்.

இன்னொரு சங்கதி. இதைத்தான் தங்கள் வாசகர்கள் பலர் வேறு விதமாக எழுதுகிறார்கள். ஸ்டென்ட் எல்லாமே வியாபாரம் என்று ஒரு கடிதம் போன மாதம்கூட வந்திருந்தது. அதில் பாதி நியாயம் இருக்கிறது, பாதி இல்லை. ஹார்ட் அட்டாக் நடந்துகொண்டிருக்கும்போது பலூன் உயிர் காக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நடந்தால் லேசாக வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது என்று வருகிறவர் கதை வேறு. ஆற்காடு பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், 64 வயது. படத்தில் ஒரு இடத்தில் பாதிக்கு மேல் குறுகல். சார் அழுத்தம் அளக்கிற வயரை உள்ளே விட்டார். ஏரி மதகுக்கு முன்னால் தண்ணீர் எத்தனை, பின்னால் எத்தனை என்று பார்க்கிற மாதிரிதான். அடைப்பே இல்லையென்றால் 1. 0.80க்குக் கீழே போனால் ரத்தம் தட்டுப்படுகிறது என்று அர்த்தம். அவருக்கு 0.87. சார் வயரை வெளியே எடுத்துவிட்டார். மாத்திரையும் நடையும் போதும் என்றார். வெளியே மகன் விடவில்லை.

"இன்சூரன்ஸ் இருக்குதே சார், ஒண்ணு வெச்சிடுங்களேன்."

"இன்சூரன்ஸ் இருக்குதுன்னு நல்ல பல்லைப் புடுங்கிக்குவியா தம்பி?"

அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு எங்கோ போய் வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். வைத்திருந்தால் சாருக்கும் எங்கள் இடத்துக்கும் வரும்படி. வைக்காததற்கு அன்று கிடைத்தது திட்டு. தங்கள் இணைப்பில் வருமானம் எழுதிய வரிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

இதைப் பற்றி லண்டனில் ஒரு ஆராய்ச்சி நடந்தது, 2017ல் வெளியானது. சார் அதைப் படித்துவிட்டு டீ நேரத்தில் எங்களுக்குச் சொன்னார். ஒரே ரத்தக்குழாயில் கடுமையான அடைப்பு உள்ள 200 பேர். முதலில் ஆறு வாரம் மருந்தை நன்றாகச் சரிசெய்தார்கள். பிறகு எல்லோரையும் கேத் லேப் மேசையில் படுக்க வைத்து, காதில் பாட்டு ஹெட்போன் மாட்டி மயக்கம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமே வைக்கவில்லை, சும்மா மேசையில் வைத்திருந்து எழுப்பி அனுப்பினார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, வார்டில் பார்த்துக்கொண்டவர்களுக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் நடக்க விட்டால் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு நம்ப முடியவில்லை. எங்களிடம் அப்படி ஒரு ஆளைச் சும்மா எழுப்பி அனுப்பினால் சொந்தக்காரர்கள் கதவை உடைத்துவிடுவார்கள் என்றேன். சார் சிரித்துவிட்டு, "அதனாலதான் நமக்கு உண்மை லேட்டா தெரியுது" என்றார். அதே ஆட்கள் 2023ல் மறுபடி 301 பேரை வைத்துப் பார்த்தார்கள். இந்தத் தடவை நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு. அப்போது ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆக, வலிக்கு உதவும். எல்லோருக்கும் இல்லை. இவ்வளவு நிதானமாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. வியாபாரம் என்பவர்களுக்கும் கடவுள் என்பவர்களுக்கும் இது ருசிக்காது.

ஸ்டென்ட் மட்டுமே இவர்கள் வேலை என்றும் நினைக்க வேண்டாம். ஜவ்வாது மலையிலிருந்து வரும் இளம் பெண்களுக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு ஒட்டிப்போயிருக்கும். பிள்ளை உண்டான ஆறாம் மாதம் மூச்சு வாங்கி வந்து நிற்பார்கள். இனோவே என்ற ஜப்பானிய டாக்டரின் பலூன் இருக்கிறது. ஊதும்போது உடுக்கை மாதிரி நடுவில் இடுக்கிக்கொண்டு வால்வில் சரியாக உட்காரும், அப்புறம் இடுப்பும் விரியும். 2001–02ல் வேலூர் மாவட்டக் கிராமப் பள்ளிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேலான பிள்ளைகளைப் பரிசோதித்தபோது இந்த நோய் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்று தெரிந்தது. அது குறைந்தது. ஆனால் கணியம்பாடி வட்டாரத்திலும் வேலூர் நகரத்திலும் 1990களின் தொடக்கத்தில் எடுத்த கணக்கை 2010–12ல் மறுபடி எடுத்துப் பார்த்தால் சர்க்கரையும் உடம்பு எடையும் ஏறியிருக்கின்றன. ஒரு நோய் படியிறங்குகிறது, இன்னொன்று ஏறுகிறது. எங்கள் வீட்டுப் பெண் டாக்டராகி வரும்போது மேசையில் யார் படுத்திருப்பார்கள் என்பது இப்போதே எழுதி வைத்திருக்கிறது.

இரண்டாம் நாள் சாயங்காலம் கிளம்பும்போது, "பெரியாயா, அந்த ஏப்ரனை ஒருவாட்டி நான் போட்டுப் பாக்கணும்" என்றாள். பழைய லேப்பில் கேட்டிருக்கிறேன். கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். பீரோவில் இருந்த அரைப் பத்தியை அவள் கிழிக்கவில்லை. அதற்குக் கீழே பென்சிலால் 5½ + 3 + 3 என்று எழுதியிருக்கிறாள்.

அடுத்த இணைப்பில் பைபாஸ் படத்தை மாற்றி, ஏப்ரன் போட்ட டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற படமாகப் போடுங்கள். பக்கத்தில் நர்ஸும் தெரியட்டும். இந்தக் கடிதம் முழுசும் போட இடம் இருக்காது என்று தெரியும். எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், சாரின் முதுகுவலிப் புராணத்தைக்கூட. ஜெர்டா டிட்ஸன் பேரை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேத் லேப் செவிலியர்,
காட்பாடி.